கழன்ற வாலுக்கு நான் பொறுப்பல்ல

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அப்பா நலமாக இருக்க எந்த நியாயமும் இல்லை, ஆனாலும் இருக்கிறார். நீங்கள் போன இடத்தில் லிஃப்ட் மாட்டும் வேலை நல்லபடியாக முடிந்து, அதில் ஏறியவர்கள் எல்லாரும் இறங்கியும் விட்டார்கள் என்று நம்புகிறேன். எல்லாரும் தூங்கிய பிறகு, அப்பாவின் ஸ்டுடியோ அறையில், பல்லித் தொட்டியின் விளக்கு வெளிச்சத்தில் ஒளிந்துகொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மேனேஜருக்கு வால் போய்விட்டது. பல்லியின் உயிருக்கு ஒன்றும் இல்லை. கல்லுக்கு அடியில் உட்கார்ந்து எல்லாரையும் முறைத்துக்கொண்டிருக்கிறது, அதாவது எப்போதும்போல. ஆனால் நீங்கள் ஊருக்குப் போகும்போது சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. "மூணு மாசம் பாத்துக்கோ. வாராவாரம் கண்ணு, விரலு, வாலு மூணையும் கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்பு. ஒரு கீறல் இல்லாம இருந்துச்சுன்னா பல்லி உனக்கே. ஏதாவது ஆச்சு, என்கூட வேலை பாக்குறவர் கேட்டுக்கிட்டே இருக்காரு, தூக்கிக் குடுத்துடுவேன்." பதினொரு வாரம் நான் ஒரு குறை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருகிறீர்கள். இன்றைக்குப் புதன். இந்த நாலு நாளில் வால் முளைக்காது, நான் படித்துப் பார்த்துவிட்டேன்.

இதற்கு முழுப் பொறுப்பும் அப்பாவுடையது, முதல் பொறுப்பு உங்களுடையது. கோபித்துக்கொள்ள வேண்டாம், எழுத ஆரம்பித்த பிறகு பயந்தால் எழுத முடியாது. அம்மாவின் போனில் நான் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "இது பல்லியா, புள்ளி விழுந்த வாழைப்பழமா? வீட்டுல ஒரு போட்டோகிராபர் இருந்தும் இந்த லட்சணமா?" என்று நீங்கள் கேட்டீர்களே, அந்தக் கடைசி வரியை அப்பா பின்னால் நின்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. நானும் அப்பாவும் கேமரா கடைக்குப் போனோம். கடைக்காரர் பாவம், நல்ல மனிதர், நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஒரே மூச்சில் பதில் சொன்னார்: "கிட்டத்துல எடுக்குற நூறு எம்எம் மேக்ரோ லென்ஸ் எடுத்துக்கங்க. அம்பது வேணாம், பல்லி மூக்குல போய் இடிக்கும். நூறுன்னா ஒரு சாண் தள்ளி நின்னே எடுக்கலாம், அதுவும் மிரளாது. வாங்க வேணாம்னா வாடகைக்குக் கூடத் தரேன்." நான் தலையை ஆட்டினேன். அப்பா ஆட்டவில்லை. "மூவாயிரம் கல்யாணம் எடுத்தவன் நான், ஒரு பல்லிக்கு லென்ஸ் வாடகைக்கு வாங்கினேன்னு உன் மாமன் காதுல விழுந்தா என்ன ஆகும்" என்று வெளியே வந்து கேட்டார். அதாவது மாமா, உங்கள் காதுக்குப் பயந்து மேனேஜரின் வாலை விட்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும், தொலைவில் இருக்கும் மணமகளைக் கிட்டே இழுக்கும் அந்த நீள லென்ஸை மாட்டினார். அது ஒன்றரை மீட்டருக்கு உள்ளே எதையும் தெளிவாகப் பார்க்காது. ஸ்டுடியோ அறையில் அவ்வளவு இடம் கிடையாது. ஆகவே பல்லி மேஜைமேல், அப்பா சமையலறைக்குள். அம்மா கையில் கரண்டியோடு, "பல்லி அந்த ரூம்ல, நீங்க இந்த ரூம்ல, நடுவுல நான் எதுக்குங்க?" என்று கேட்டாள். "நீ அசையாம நில்லு, அது போதும்" என்றார் அப்பா. படத்தில் மேஜை நன்றாக விழுந்திருந்தது.

அடுத்த நாள் அப்பா தனியாகப் போய் மூன்று வளையங்கள் வாங்கி வந்தார். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற வெற்று வளையங்கள், உள்ளே கண்ணாடியே கிடையாது. மாட்டினால் எந்த லென்ஸும் கிட்டத்தில் பார்க்கும். உண்மைதான், பார்த்தது. ஆனால் கடைக்காரர் சொன்ன மாதிரியே மூக்கில் இடிக்கிற கிட்டம். மேனேஜர் லென்ஸை நக்கியது. துடைத்தோம், மறுபடியும் நக்கியது. லென்ஸே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றதால் எல்லாம் இருட்டு. கண் தெளிந்தால் மூக்கு கலங்குகிறது, ஒரு நூலளவு அது நகர்ந்தால் இரண்டுமே போச்சு. அப்பாவுக்குப் பழக்க தோஷம் வேறு. "தலைய லேசா எறக்கு... ஆங்... இங்க பாரு, இங்க பாரு... அப்பிடியே இரு" என்கிறார். யாரிடம்? மூவாயிரம் கல்யாணத்தில் சொன்ன பேச்சைக் கேட்காத ஒரே ஆள் இதுதான் என்று அவருக்கு வெறியே வந்துவிட்டது.

இன்று சாயங்காலம் கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற பெரிய குடை ஃபிளாஷ் இரண்டையும் மேஜைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார். இருட்டில் வெளியே வருகிற ஜீவனுக்கு இரண்டு மின்னல். நான் அப்போதே சொன்னேன், வேணாம்பா, அதுக்குக் கண்ணு கூசும்பா, என்று. யார் கேட்டார்கள்? வெளிச்சத்தைத் திருப்பி விடுகிற வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் தள்ளித்தான் நின்றேன். மேனேஜரை நான் தொடவே இல்லை. நாலாவது ஃபிளாஷில் வால் தனியாக வந்து, மேஜையில் விரித்திருந்த கறுப்பு வெல்வெட்டில் துள்ளியது. சத்தம் கேட்டு வந்த அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு வேற வாங்கிட்டீங்களா?" என்றாள். நான் அழுதேன். அப்பா கேமராவில் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான்தான். லைட்ட ரொம்பக் கிட்ட வெச்சுட்டேன். மச்சானுக்கு நானே சொல்லிக்கிறேன்" என்றார். அவரே ஒப்புக்கொண்டார் மாமா. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தப்பு செய்தவரை விட்டுவிட்டு என்னிடமிருந்து பல்லியைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். உங்களோடு வேலை பார்ப்பவருக்கு என் வணக்கம், அவர் ஒரு பூனை வளர்க்கலாம் என்பது என் தாழ்மையான யோசனை. மேனேஜர் தன் மீதியோடு உங்கள் நலம் விசாரிக்கிறது.

பணிவுடன்,
அக்கா மகள்

பி.கு: சாட்சிக்கு அந்த நாலாவது படத்தையும் கூட வைக்கலாம் என்று கேமராவைத் திறந்தேன். மாமா, மூன்று மாதத்தில் இதுதான் சரியாக விழுந்த படம். கண், விரல், செதில் ஒவ்வொன்றும் எண்ணலாம். வாலின் மேல் ஒரு கட்டைவிரலும் இருக்கிறது, ரேகைகூடத் தெரிகிறது. அது என்னுடையது. நகர்ந்துவிடப் போகிறதே என்று லேசாகத்தான் வைத்தேன், அதை நான் தொட்டதில் சேர்க்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே அதே படம் இன்னொன்று இருக்கிறது, கட்டைவிரல் வரும் ஓரத்தை வெட்டி எடுத்தது. உங்களுக்கு அனுப்ப அப்பா அதைத்தான் வைத்திருக்கிறார். நான் வெட்டாததை அச்சுப் போட்டு இதோடு வைக்கிறேன். அச்சு இயந்திரம் போட்ட சத்தத்துக்குத் தெருவே எழுந்திருக்க வேண்டும். உள்ளே அப்பா ஒரு தடவை இருமினார், எழுந்து வரவில்லை. வேறு தாளில் முதலிலிருந்து திருத்தி எழுத எனக்குத் தைரியம் இருக்காது, எனவே மேலே வால் சம்பந்தமாக அப்பா என்று வரும் இடத்தில் எல்லாம் நான் என்று படித்துக்கொள்ளவும். லென்ஸ் சம்பந்தமாக வரும் இடங்களில் மட்டும் அப்பா என்றே இருக்கட்டும்.