ஐந்தாவது டம்ளர்

மனித நாக்கு தன் முழுத் தகுதியை அடைந்த இடம் எது என்று யாராவது கேட்டால், ராஜபாளையம் என்று தயங்காமல் சொல்வேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே பால்கோவா கடை வைத்திருக்கும் தங்கச்சாமி அண்ணாச்சி எங்கள் மன்றத்தில் உறுப்பினராக இருந்தார்.

மன்றத்தின் பெயர் 'ஒரே தோட்டக் காபிச் சுவைஞர் மன்றம்'. நான் செயலாளர். தலைவர் ஐயாதுரை, நூற்பாலை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு நாய்க்கே மூன்று தலைமுறைக்கு வம்சச் சான்றிதழ் உண்டு என்றால், அவருடைய தகுதியை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கொள்கை எளிது. காபியின் ருசி கொட்டையில் இல்லை, விளைந்த இடத்தில் இருக்கிறது. உயரமான மலையில் காய் மெதுவாகப் பழுக்கும், புளிப்பில் ஒரு நயம் வரும். தாழ்ந்த சரிவு என்றால் கனமும் கசப்பும். பக்கத்தில் மிளகுக்கொடி நின்றதா, ஆரஞ்சு மரம் நின்றதா என்பதையும் காபி மறப்பதில்லை. ஆகவே பொட்டலத்தைப் பிரிக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்போம். எந்த மலை? எந்தச் சரிவு? பக்கத்தில் என்ன நிற்கிறது? பதில் தெரிந்த பிறகு எங்கள் நாக்கு தவறியதே இல்லை. குடகு என்றால் சாக்லேட் வாசனை, ஆந்திராவின் அரக்கு மலை என்றால் பழவாசனை. ஒருமுறை பொட்டலங்கள் மாறிப்போயின. வாசனைகளும் பெருந்தன்மையோடு மாறிக்கொண்டன.

வெளிநாட்டில் கரண்டியால் உறிஞ்சித்தான் சுவைப்பார்களாம். ஒரே கிண்ணத்தில் நாலு பேர் கரண்டி விடுவது எச்சில் என்பதால், நாங்கள் தீர்மானம் போட்டு, நம் வழக்கப்படி அண்ணாந்து குடிக்கிறோம். காபி நாக்கைத் தாண்டி நேரே தொண்டையில் விழும். நாக்கில் படாமலே சுவையைச் சொல்லும் 'நிபுணர்கள்' வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

எங்களுக்குக் கொட்டை வறுத்துத் தருபவன் எட்வின். கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படித்துவிட்டு ராஜபாளையத்தில் காபிக்கடை போட்டவன். கூடப் படித்தவள் இந்து, தலைவரின் ஒரே மகள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தார்கள். எட்வின் பெண் கேட்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். தலைவர் கோபப்படவில்லை. விஞ்ஞான முறைப்படி விசாரித்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"வத்திராயிருப்புப் பக்கம், சார்."

"எந்தப் பக்கம்?"

"பிளவக்கல் அணைக்குப் போற வழி."

"வழின்னா தெரு இருக்கும்லா?"

"சர்ச் தெரு."

"பக்கத்துல யாரு வீடு?"

"ஃபாதர் வீடு, சார்."

தலைவர் என்னைப் பார்த்தார். சரிவு பிடிபடவில்லை என்று எனக்குப் புரிந்தது.

"நல்ல பையன்தான்," என்றார் மகளிடம். "ஆனா கலப்பு நமக்கு ஒத்து வராது. ஒரு மடக்குல எனக்குத் தெரிஞ்சிரும்."

"நெசமாவே தெரிஞ்சிருமாப்பா?"

"ஏட்டி, யார்ட்ட கேக்க?"

"அப்ப அஞ்சு டம்ளர் வைக்கேன். எதுலயும் பேரு இருக்காது. நாலு ஒரே தோட்டம், ஒண்ணு கலப்பு. கலப்பு எதுன்னு சரியாச் சொல்லிட்டா எட்வின் பேச்சையே விட்டுருதேன். தப்பாச் சொன்னா, நீங்களே முன்ன நின்னு எங்க கல்யாணத்த நடத்தணும்."

"அம்புட்டுதானா?" என்று சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்தார் தலைவர்.

ஞாயிற்றுக்கிழமை மன்றம் கூடியது. எட்வினும் இந்துவும் ஐந்து டம்ளர்களை வரிசையாக வைத்தார்கள். முதல் டம்ளரை அண்ணாந்து ஊற்றிக்கொண்ட தங்கச்சாமி அண்ணாச்சி, "பால்கோவா மாதிரி இருக்கு" என்றார்.

"அண்ணாச்சி, இதுல பாலே ஊத்தலையே," என்றான் எட்வின்.

"அதாம்ல ஆச்சரியம்!"

தலைவர் மூன்றாவது டம்ளரில் முகம் சுளித்தார். "இதுதான் கலப்பு. நாலு ஊரு தண்ணி குடிச்ச வாடை. கொமட்டுது." ஐந்தாவதைக் குடித்ததும் அவர் கண் கலங்கியது. "ஆகா! ஒரே மலை, ஒரே சரிவு. ஒரே மரம்னு சொன்னாலும் நம்புவேன். இதாம்யா சுத்தம்!"

இந்து மெல்லச் சொன்னாள்: "மூணாவது, நீங்க தெனமும் குடிக்கிற சிறுமலைக் காபிப்பா. உங்க டப்பாவுலருந்துதான் எடுத்தேன்."

"அப்ப அஞ்சாவது?"

"அரக்கு பாதி, குடகு பாதி, சார்," என்றான் எட்வின். "கொஞ்சம் சிக்கரியும்."

"சிக்கரியுமா!" அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் ஐந்தாவது டம்ளரில் மிச்சமிருந்ததையும் ஊற்றிக்கொண்டார். பிறகு என்னிடம், "செயலாளரே, விதி என்ன சொல்லுது?" என்றார்.

விதி எதுவும் சொல்லவில்லை. ஆகவே நான் ஒன்று சொன்னேன்: 'ஊர், சரிவு, பக்கத்து மரம் ஆகியவை முன்கூட்டி அறிவிக்கப்படாத டம்ளரைச் சுவைப்பது செல்லாது. அதனால் அடைந்த மகிழ்ச்சியும் செல்லாது.' அங்கேயே நிறைவேறியது.

"அப்பா, குடுத்த வாக்கு?"

"கூட்டமே செல்லாதுங்காவளே தாயி. நான் என்ன செய்ய?"

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர்கள் கல்யாணம் நடந்தது. அழைப்பிதழில் இரண்டு பெயர்கள் மட்டுமே இருந்தன. ஊர் இல்லை, தெரு இல்லை. அறிவிக்கப்படாத டம்ளர் என்பதால் நாங்கள் போகவில்லை.

ஆனால் தலைவருக்கு இப்போது வேறு காபி இறங்குவதில்லை. எட்வின் கடையிலிருந்து அந்த ஐந்தாவது கலவையை நான்தான் வாங்கி வருகிறேன். பொட்டலத்தின் மேல் 'அய்யனார் மலை, மேற்குச் சரிவு, ஒரே தோட்டம்' என்று எழுதி ஒட்டிக் கொடுக்கிறேன். அப்படி ஒரு தோட்டம் கிடையாது. ஆகவே அதில் கலப்புக்கு வழியே இல்லை. தலைவர் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் குடிக்கிறார்.

"காப்பிக்கு ஒட்டுன சீட்ட அந்தப் பயலுக்கும் ஒண்ணு எழுதி ஒட்டியிருந்தா, பிள்ள வீட்டோட இருந்திருக்கும்லா?" என்று கேட்டார் தங்கச்சாமி அண்ணாச்சி.

அன்றே அவரை மன்றத்திலிருந்து நீக்கிவிட்டோம்.