தகவல் அண்ணையும் முதலாளியின் வயலும்

அரசாங்கம் சொல்வதை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒரே மனிதர் இந்த இலங்கையில் இருந்தார் என்றால், அது எங்கள் தகவல் அண்ணைதான். மந்திரிமார்கூட அந்த அளவுக்கு நம்பியதில்லை.

மன்னார் பட்டினத்தில் ஒரு புடவைக் கடையில் நான் காசாளர். எங்கள் முதலாளிக்குக் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே வயல் உண்டு. அந்த வயலோடு அவருக்கு இருந்த உறவு, காரில் அந்தப் பக்கம் போகும்போது புழுதி படாமல் கண்ணாடியை ஏற்றிவிடுவதுதான். குத்தகைக்கு எடுத்து விதைத்து வெட்டியவர், இந்தியாவில் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்த ஒரு மெலிந்த மனிதர்.

வயலுக்குப் போடும் பசளைக்கு அரசாங்கம் கொடுத்த மானியம் முதலாளியின் வங்கிக் கணக்கில் விழுந்தது. அந்தக் காசில் அவர் கடைக்கு ஏசி பூட்டினார். குத்தகைக்காரர் விவசாயக் கந்தோர் அதிகாரிகளிடம் போய்க் கேட்டபோது, காணி யாருடைய பேரிலோ அவர்தான் விவசாயம் செய்யும் கமக்காரர் என்று சொல்லிவிட்டார்கள். வேறு யாராவது என்றால் சத்தம் போட்டிருப்பார்கள். இவர் நேரே கடைக்கு வந்தார்.

"முதலாளிக்கு ஒரு தகவல். வாய்க்காலில தண்ணி விட்டிட்டாங்கள். வாங்கோ, வரம்பு கட்டவேணும்."

"என்ன, பகிடி விடுறியோ?"

"சீச்சீ. கமக்காரன் நீங்களெண்டு கந்தோரில சொல்லிப்போட்டினம். இது தெரியாம நானெல்லோ இவ்வளவு காலமும் உங்கட வேலையைச் செய்துகொண்டு திரிஞ்சனான்!"

அன்றிலிருந்து எங்களுக்கு அவர் தகவல் அண்ணை. மாடு வரம்பை உடைத்தாலும் வந்தார், புழு விழுந்தாலும் வந்தார். ஒருநாள் வங்காலையில் இருந்து ஒரு கத்தோலிக்கக் குடும்பம் கல்யாணப் பொம்பிளைக்கு வெள்ளைச் சேலை பார்த்துக்கொண்டிருந்தது. தகவல் அண்ணை வந்து சேலைக்குப் பக்கத்தில் மஞ்சள் பிடித்த ஒரு பிடி நெற்பயிரை மெதுவாக வைத்தார். "முதலாளி, பசளை இல்லாம உங்கட பயிர் சாகக் கிடக்குது."

"நீங்கள் கமமும் செய்யிறனீங்களோ?" என்று பொம்பிளையின் தாய் ஆச்சரியப்பட்டார். ஓம் என்றால் வயலுக்குப் போகவேண்டும். இல்லை என்றால் மானியத்துக்குப் பதில் சொல்லவேண்டும். முதலாளிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

எனக்குத்தான் பயம். பயிர் செத்தாலும் தகவல் அண்ணை முதலாளிக்குக் குத்தகை நெல்லை அளக்காமல் விடமுடியாது. "அண்ணை, ஒருக்கா வடிவாச் சண்டை பிடியுங்கோவன்" என்றேன்.

"முகாமில நிறையச் சண்டை பிடிச்சுப் பாத்திட்டன், தங்கச்சி. மரியாதையாக் கதைச்சாத்தான் இப்பிடியான ஆக்களுக்கு விசர் ஏறுது."

கடைசியில் ஒருநாள் மோட்டார் சைக்கிளோடு வந்தார். "முதலாளிக்கு ஒரு தகவல். கந்தோர் ஐயா உங்கட வயலைப் பாக்க வந்து நிக்கிறார். ஏறுங்கோ." மானியம் நின்றுவிடும் என்ற பயத்தில் முதலாளி வெள்ளை வேட்டியோடு ஏறினார். குடை கொடுக்கும் சாக்கில் நானும் ஓட்டோ பிடித்துப் பின்னால் போனேன்.

"எப்ப விதைச்சனீங்கள்?" அதிகாரி கேட்டார்.

"போன வெள்ளி. நல்லநாள் பாத்துத்தான்."

அதிகாரி முழங்கால் உயரத்தில் நின்ற பயிரைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். "அப்ப ஒருக்கா உள்ள இறங்கிக் காட்டுங்கோ."

முதலாளி ஒரு காலை வைத்தார். வயல் அதை விழுங்கியது. மற்றக் காலையும் விழுங்கியது. வேட்டிக்குள் என்னவோ ஊர்ந்தது.

"ஐயோ! நான் கமக்காரன் இல்லை! எல்லாம் செய்யிறது இவன்தான்! ஆளை விடுங்கோ!"

தகவல் அண்ணை குதித்து அவரை அணைத்துத் தூக்கினார். "கவனம் முதலாளி, உங்கட நெல்லை மிதிச்சுப்போடாதேங்கோ."

அந்தப் போகம் அரைகுறையாகத்தான் விளைந்தது. அடுத்த போகம் மானியம் தகவல் அண்ணையின் பேருக்கு வந்தது. பயிரும் பச்சையாக நின்றது. அறுவடை முடிய எங்கள் எல்லோருக்கும் புது அரிசி கொண்டுவந்தார். பெரிய பை முதலாளிக்கு. "என்ன இருந்தாலும் அவரும் ஒரு நாள் வயலுக்க இறங்கினவர்தானே."

இப்போது அவருக்குக் கடைக்கு வரக் காரணம் ஒன்றுமில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் இரவிரவாக மழை கொட்டிய மறுநாள், கட்டுக்கரையில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை.