மழைக் கோட்டை விட்ட கதை

தினமும் நாற்பது நிமிடம் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே, நடப்பதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். எனக்கு ஒரே ஒரு துணை இருந்தது. மழை. எங்கள் பக்கம் அது வந்தால் என் மைத்துனனைப் போல. மூன்று மாதம் தங்கிவிட்டுத்தான் போகும்.

"மழை பெய்யுதே," என்றேன் முதல் நாள், போர்வைக்குள் இருந்தபடி.

"ஆமா," என்றாள் மனைவி.

ஒரு வாரம் சுகமாகத் தூங்கினேன். எட்டாம் நாள் அவள் காபியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, தெருமுனைக் கடையில மலையேறப் போறவங்களுக்கு மழைக்கோட்டு விக்கிறாங்க. சாயந்திரம் போய்ப் பாப்போம்."

நான் அசரவில்லை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன் நான். எப்பேர்ப்பட்ட கோட்டிலும் குறை கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். பார்க்கிறோம், பிடிக்கவில்லை, வருகிறோம். இதுதான் திட்டம்.

கடைக்காரப் பெண்மணி முதலில் ஒரு பிளாஸ்டிக் கோட்டை எடுத்துப் போட்டார்.

"இது ஆகாதும்மா. வெளியே மழை, உள்ளே வேர்வை. எப்படியும் நனையறதுன்னா கோட்டு எதுக்கு?"

"சரியாச் சொன்னீங்க சார். அதுக்குத்தான் இது," என்று கரும்பச்சையில் இன்னொன்றை விரித்தார். "இது மூச்சு விடும். மழைத்துளி பெருசு, உள்ளே வராது. வேர்வை ஆவி பொடிசு, வெளியே போயிடும்."

என் வீட்டில் நானே அனுமதி கேட்டுத்தான் மூச்சு விடுகிறேன். ஒரு கோட்டுக்கு இத்தனை சுதந்திரமா?

"தையல் ஓட்டை வழியா தண்ணி வருமே?"

"உள்பக்கம் பாருங்க. தையல் மேல எல்லாம் பட்டை ஒட்டியிருக்கு."

"வேகமா நடந்தா புழுங்குமே?"

"அக்குள்ல ஜிப் இருக்கு. திறந்து விட்டுக்கலாம்."

"தொப்பி கண்ணை மறைக்குமே?"

"பின்னாடி கயிறை இழுங்க. தலை திரும்பினா தொப்பியும் திரும்பும்."

கேள்விகள் தீர்ந்துவிட்டன. போட்டுப் பார்த்தேன். கனமே இல்லை. கண்ணாடியில் எவனோ ஒருவன் மலை உச்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான்.

அப்போது மனைவி துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "வேண்டாங்க. இது நெஜமாவே மழையில நடக்கிறவங்க போடறது. கழட்டுங்க, போலாம்."

"அதானே. சாருக்குக் குடையே போதும்," என்றார் கடைக்காரப் பெண்மணி. "பால்கனி வரைக்கும்தானே போவார்."

எனக்குச் சுருக்கென்றது.

"இதைத்தான் எடுக்கறேன். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு நடக்கறேன்."

"உங்க இஷ்டம்," என்றாள் அவள் பெருமூச்சோடு. "உங்க பேச்சை நான் என்னைக்குத் தட்டியிருக்கேன்?"

கோட்டைப் பிடித்த நான் ஏதோ கோட்டையையே பிடித்தவன் போல வீடு திரும்பினேன்.

மறுநாள் ஆறு மணிக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. சொன்ன சொல் இருக்கிறதே, கிளம்பினேன். தோளில் விழுந்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. மேட்டுத் தெருவில் ஏறும்போது அக்குள் ஜிப்பைத் திறந்தேன். ஜில்லென்று காற்று நுழைந்தது. முழங்காலுக்குக் கீழே தொப்பல். மேலே சட்டை கசங்கக்கூட இல்லை. தெருவில் ஆளே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்து நாட்களுக்குப் பிறகு மழையில் இவ்வளவு சந்தோஷமாக நான் நடந்ததில்லை. நாற்பது நிமிடம் ஒரு மணி நேரமாகிவிட்டது.

திரும்பி வரும்போது கடைக்காரப் பெண்மணி ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"கோட்டு எப்படி சார் இருக்கு?"

"பிரமாதம். என் மனைவி வேண்டாம்னுதான் சொன்னா. நான் கேட்கலையே," என்றேன்.

"அக்கா போன வாரமே வந்து உங்க அளவுல இதை எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க சார். 'நான் மூணு தடவை வேண்டாம்னு சொல்வேன், நீங்களும் கூட ஒத்து ஊதுங்க, அப்பத்தான் வாங்குவார்'னாங்க. நீங்க ஒரே தடவையில வாங்கிட்டீங்க."