அம்மாவைக் காதலிலிருந்து காக்கும் குழு

மனித குலத்தைக் காப்பாற்ற அவதாரம் எடுத்தவர்கள் வரிசையில் ஆகக் கடைசியாக வந்தவர், ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் இணையப் பாதுகாப்பு அதிகாரி. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் எதுவும் கிடையாது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஆறிப்போன காபி, முகத்தில் எந்நேரமும் ஒரு சந்தேகம். அலுவலகத்தில் அவருக்குச் 'சந்தேகம் சார்' என்றே பெயர். அதை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

அவர் ஆற்றிவந்த தொண்டு இதுதான்: 'உங்கள் சம்பளம் உயர்ந்துவிட்டது, விவரத்துக்கு இங்கே தட்டவும்' என்று ஊழியர்களுக்கு அவரே ஒரு பொய் மெயில் அனுப்புவார். தட்டியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். சம்பள உயர்வு என்றாலே பொய்தான் என்பதுகூடத் தெரியாத அந்த அப்பாவிகளை உட்கார வைத்து வகுப்பு எடுப்பார். இதற்கு 'ஒத்திகை' என்று பெயர். எவனோ வந்து ஏமாற்றுவதற்கு முன்னால் நாமே ஏமாற்றிவிட்டால் அதுதான் பாதுகாப்பு என்பது அவருடைய சித்தாந்தம்.

இப்படி ஊரைக் காத்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அக்கா, வேறு ஊரில் இருந்தபடியே அம்மாவைப் பற்றிக் கவலைப்படும் பொறுப்பைத் திறம்பட வகித்து வருபவர்.

"டேய், எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் இருக்காருல்ல, ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர்? ஆன்லைன்ல எவளோ ஒருத்தி 'டியர், டியர்'னு பேசியே மனுஷனோட சேமிப்பு மொத்தத்தையும் உருவிட்டாளாம்."

"அடப்பாவமே!"

"அம்மாவும் தனியாத்தானே இருக்கா. கையில போன் வேற இருக்கு."

தனிமை, போன் இரண்டையும் அம்மாவுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவர்கள் இவர்கள்தான் என்பது, கூட்டத்தின் பொருளில் இல்லாததால் விவாதிக்கப்படவில்லை. அங்கேயே 'அம்மாவைக் காதலிலிருந்து காக்கும் குழு' உதயமானது. தலைவர் அக்கா, செயலாளர் சந்தேகம் சார். முதல் தீர்மானமாக, அம்மாவுக்கு ஓர் ஒத்திகை நடத்துவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. அம்மாவுக்கு ஓட்டு கிடையாது.

சந்தேகம் சார் கனகச்சிதமாக ஒரு கேப்டனைத் தயாரித்தார். சரக்குக் கப்பல் கேப்டன், மனைவியை இழந்தவர். நரைத்த தாடி, வெள்ளைச் சீருடை, கண்ணில் கொஞ்சம் சோகம். படத்தைக் கம்ப்யூட்டரே வரைந்து கொடுத்தது. கேப்டன் சில நாள் இனிக்க இனிக்கப் பேசுவார். பிறகு 'கப்பல் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது, கொஞ்சம் பணம் அனுப்ப முடியுமா?' என்பார். அம்மா அனுப்பப் போகிற நேரம் பார்த்துக் குழு பாய்ந்து பிடித்து வகுப்பு எடுக்கும்.

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாரையும் எல்லாரோடும் பேச வைத்தவர். 'வணக்கம், சாப்பிட்டீங்களா?' என்று வாட்ஸ்அப்பில் கேப்டன் கேட்டதுதான் தாமதம், பதில் வந்து விழுந்தது.

'இன்னும் இல்லைங்க. ஒருத்திக்கு என்னத்தை சமைக்கிறதுன்னு யோசிச்சிட்டு இருக்கேன்.'

"சிக்கிட்டாக்கா!" என்று செயலாளர் தலைவருக்குத் தகவல் கொடுத்தார்.

அன்று முதல் அலுவலகக் கூட்டங்களில் சந்தேகம் சாரின் ஒரு கை மேஜைக்கு மேலும், கேப்டனின் ஒரு கை மேஜைக்குக் கீழும் வேலை செய்தன. சமையலறைக் குழாய் சொட்டுவது, முட்டி வலி, வீட்டில் ஒரு குரல் கேட்கட்டுமே என்று டிவியை ஓடவிட்டுத் தூங்குவது என்று அம்மா எழுதிக்கொண்டே போனார். பணம் கேட்க வேண்டிய நாள் வந்தது. போயும் விட்டது.

"இன்னும் கேக்கலையாடா?" என்றார் அக்கா.

"இப்ப கேட்டா கெட்டுடும்க்கா. இது 'நம்பிக்கையை வளர்க்கும் கட்டம்'."

உண்மையில், அம்மா இவ்வளவு பேசுவார் என்பதே அவருக்குத் தெரியாது. மகனாகப் போன் செய்தால், "நல்லா இருக்கேன்டா, நீ வேலையைப் பாரு" என்பதோடு சரி. இவரும் அந்த உத்தரவுக்கு உடனே கீழ்ப்படிந்து வந்திருக்கிறார். நம்மைப் போன்ற பொறுப்புள்ள பிள்ளைகள் அம்மா சொல்லைத் தட்டுவதில்லை அல்லவா? இப்போது கேப்டனைப் பார்த்து அவருக்குப் பொறாமையாக இருந்தது.

பட்ஜெட் கூட்டத்தின் நடுவே அந்தச் செய்தி வந்தது. 'வியாழக்கிழமை எங்க ஊர் கண் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். ஒரு கண் ஏற்கெனவே போன மாதிரிதான். இதுவும் சரியா வரலைன்னா என்ன பண்ணுவேன்னு பயமா இருக்குங்க.'

'உங்க மகன்கிட்ட சொல்லலாமே?'

'அவன் ரொம்ப நல்ல பையன். அதான் தொந்தரவு பண்றதில்லை.'

சந்தேகம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. பாதுகாப்புக்கான நிதியை வெட்டியதால்தான் கலங்குகிறார் என்று நினைத்த மேலாளர், வெட்டியதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து மகனாகப் போன் செய்தார்.

"அம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?"

"என்ன விசேஷம்? நல்லா இருக்கேன்."

"இல்ல… கை, கால், கண்ணு எல்லாம்?"

"எல்லாம் அதது இருக்கிற இடத்துல இருக்கு. நீ வேலையைப் பாரு."

உடனே குழுவின் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது.

"போய் நின்னா எப்படித் தெரியும்னு கேப்பாடா. ஒத்திகையே வீணாயிடும்," என்றார் தலைவர்.

"அவளுக்குக் கண் ஆபரேஷன்க்கா!"

"அதுக்கென்ன, கேப்டனை விட்டு ஆறுதல் சொல்லச் சொல்லு."

கேப்டன் சொன்னார். 'பயப்படாதீங்க. நான் உங்க பக்கத்துலயே இருக்கேன்னு நினைச்சுக்கோங்க.'

'நடுக்கடல்ல இருந்துக்கிட்டா?' என்று அம்மா திருப்பிக் கேட்டார்.

வியாழக்கிழமை சந்தேகம் சார், பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றுக்கும் புறம்பாக, நேரிலேயே கிளம்பிப் போனார். கண் ஆஸ்பத்திரியின் நீள பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தார். எந்தக் கண் என்பதற்கு அடையாளமாக ஒரு புருவத்துக்கு மேலே பிளாஸ்திரி. மடியில் கைப்பை, அதன்மேல் தண்ணீர் பாட்டில். சொட்டு மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நீ எங்கடா இங்க?"

"சும்மா… இந்தப் பக்கமா வந்தேன்."

"மூணாவது மாடிக்கா?" "இன்னைக்கு ஆபரேஷன்னு நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

சம்பள உயர்வைத் தட்டிய ஊழியர்கள் தன் முன்னால் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றார் சந்தேகம் சார். "ஒத்திகைம்மா. உன் பாதுகாப்புக்காகத்தான்…"

"அது ஏமாத்து வேலைன்னு எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்."

"எப்படிம்மா?"

"முந்தின நாள் சொன்ன முட்டி வலியை மறக்காம விசாரிச்சாரு. எவனோ திருட்டுப் பயதான்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. நம்ம வீட்டு ஆளா இருக்கும்னு மட்டும் தோணவே இல்லை."

"அப்புறம் ஏம்மா பேசினே?"

"பணம் கேட்டதும் நிறுத்திக்கலாம்னு இருந்தேன். அவரு கேக்கவே இல்லை. எனக்கும் பேச்சு சுவாரசியமா இருந்துச்சு."

நர்ஸ் வந்தார். "அம்மா, உங்க முறை வந்தாச்சு. கூட யாரும் வரலைன்னு சொன்னீங்களே, இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

சந்தேகம் சார் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கப்பல் கேப்டன்னு எழுதிக்கோம்மா. என் பையனுக்கு இன்னைக்கு மீட்டிங் இருக்கும்."