காசி யாத்திரைக்கு ஆங்கிள் பூட்ஸ்

தூத்துக்குடி,
ஆவணி மாதம், புதன்கிழமை.

சௌபாக்கியவதி பூமா அக்காவுக்கு,

தம்பி ரங்கு இங்கிருந்தே விழுந்து சேவித்து எழுதிக்கொள்வது. (விழுவது மனசால் மட்டும்தான். உடம்பால் விழுந்தால் தூக்கிவிட இப்போது ஆத்தில் ஆள் இல்லை.) பெருமாள் கிருபையில் நானும் கோமளமும் சௌக்கியம். அங்கே நீயும், அத்திம்பேரும், டாக்டர் உனக்குப் புதிதாகப் பொருத்தியிருக்கிற முழங்காலும் அதே மாதிரி இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

பத்மஸ்ரீ கல்யாணத்துக்கு நீ வர முடியாமல் போனது எங்கள் எல்லோருக்கும் பெரிய குறை. அதைவிடப் பெரிய குறை, நீ புனேயில் இருந்தபடியே வாட்ஸாப்பில் ஒரே ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு, "பஞ்சகச்சத்துக்குக் கீழே என்னடா அது? மாப்பிள்ளை பட்டாளத்துல இருக்காரா?" என்று கேட்டிருப்பது. நான் ஒரு விரலால் டைப் அடிக்கிறவன். இதற்குப் பதில் அடித்து முடிப்பதற்குள் பத்மாவுக்கு வளைகாப்பே வந்துவிடும். ஆகவே கடுதாசி. பொறுமையாகப் படி. கடைசியில் நீயே சந்தோஷப்படுவாய். ஏனென்றால் இந்தக் காரியத்துக்கு ஆரம்பம் நீதான்.

மாப்பிள்ளை தேசிக் இன்ஜினியரிங் முடித்து, நல்ல வேலையில் இருந்து, அதை விட்டுவிட்டு பெங்களூரில் சிநேகிதர்களோடு சட்டைக் கம்பெனி ஆரம்பித்தவர் என்பது உனக்குத் தெரியும். அந்த மாதிரி உடுப்புக்கு ஸ்ட்ரீட்வேர் என்று பெயராம். தெருவில் போட்டுக்கொண்டு போகிற உடுப்பு. மற்ற உடுப்புகளை நாமெல்லாம் இத்தனை நாளாக எங்கே போட்டுக்கொண்டு போனோம் என்று நான் கேட்கவில்லை. சட்டையின் தோள் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும், பேன்டுக்குள் இன்னொரு மாப்பிள்ளைக்கு இடம் இருக்கும், அவ்வளவுதான். பையன் தங்கம். ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிற நம் சம்பந்தி, பேங்கில் முப்பத்துநாலு வருஷம் உத்தியோகம் பார்த்தவர், பையன் வேலையை விட்ட அன்றைக்கு அவனோடு பேசுவதை விட்டார். நாலு வருஷம் அக்கா! நிச்சயதார்த்தத்தன்று ஒரே பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்துகொண்டு, இவர் "ஏண்டி, உன் பிள்ளை ஊறுகாயைத் தாண்டிக் கை நீட்டறான்னு சொல்லு" என்கிறார். அவர் "அம்மா, சாத்துமது இந்தப் பக்கம் வரலேன்னு அப்பாகிட்டச் சொல்லு" என்கிறார். சம்பந்தி மாமி பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் தபாலாபீஸ் மாதிரி உட்கார்ந்திருந்தாள், ஒரு வாய் சாப்பிடவில்லை. அப்புறம், ரிசப்ஷனுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையே தைத்த உடுப்பைப் போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சம்பந்தி சொல்லிவிட்டார்: "முகூர்த்தத்துக்கு வருவேன். சாயங்காலம் அந்த மேடையில ஏற மாட்டேன்." பத்மா போனில் அழுதாள். "மேடைல அவர் அப்பா இல்லேன்னா தேசிக் சிரிச்சுண்டே நிப்பார்ப்பா, ஆனா உள்ளுக்குள்ள ஒடைஞ்சு போயிடுவார்" என்றாள். நான் என்ன செய்ய முடியும்? பெண்ணைப் பெற்றவன்.

இந்த நேரத்தில் வாத்தியார் ஸ்வாமி சாமான் ஜாபிதா அனுப்பினார். காசி யாத்திரைக்குக் குடை, விசிறி, கைத்தடி, பாதரட்சை. மாப்பிள்ளையிடம் கால் அளவு கேட்கலாம் என்று போன் போட்டேன். "மாமா, ஒருநாள் போட்டுண்டு மூலைல போடற செருப்பு வேண்டாம். ஆங்கிள் பூட்ஸா வாங்கிக்குடுங்கோ, சாயங்காலமும் அதையே போட்டுப்பேன், அப்புறமும் போட்டுப்பேன்" என்றார். முப்பத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனிடம் ஆங்கிள் என்றால் என்ன தோன்றும்? "எத்தனை டிகிரி மாப்பிள்ளே?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, உத்தமன். "கணுக்கால் வரைக்கும் வர பூட்ஸ் மாமா. ஒன்பதாம் நம்பர்" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உடனே உனக்குத்தானே போன் போட்டேன்? நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்க மருந்து தெளிந்தும் தெளியாமலும் படுத்துக்கொண்டு (உனக்கு இப்போது ஞாபகம் இருக்காது), "ஏண்டா, அவன் கேட்டது யானையா? காரணம் கேக்காம வாங்கிக்குடு" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடுதாசியே.

மறுநாளே கடைக்குப் போனேன். நமக்குப் பழக்கமான செந்தூர்வேல் அண்ணாச்சி கடை, கீழே செருப்பு, மாடியில் ரெடிமேட். பூட்ஸ் என்றதும் அண்ணாச்சி ஒரு ஜோடியைத் தூக்கி மேஜையில் வைத்தார். மேஜை ஆடியது. "சாமி, ஹார்பர்ல பூரா இதத்தான் போடுதாவ. உள்ள தகடு. கால் மேல இரும்பே விழுந்தாலும் ஒண்ணும் ஆவாது." நான் சொன்னேன், "அண்ணாச்சி, மாப்பிள்ளை கால்ல இரும்பு விழற மாதிரி எங்க கல்யாணத்துல சடங்கு ஒண்ணும் இல்லை." அவர் யோசித்துவிட்டு, "ஏளா ஸ்டெபி, இங்கன வா, சாமி என்னமோ புது மாடல் கேக்காவ" என்று கூப்பிட்டார்.

ஸ்டெபி என்கிற அந்தப் பெண்ணுக்கு ஊர் புன்னைக்காயல். அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி பூட்ஸைப் பற்றியே இல்லை. "சார், அவுக என்ன பேன்ட் போடுவாவ?" பேன்ட்டைப் பார்த்துத்தான் பூட்ஸ் எடுக்க வேண்டுமாம். நான் போனில் மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினேன். பார்த்தாள். "லூஸ் கார்கோ. அப்ப இது ஆவாது" என்று இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்து வழவழ என்றிருந்த ஒரு ஜோடியைத் தள்ளி வைத்தாள். "இது செல்சி சார். கால் ஒட்டுன பேன்டுக்குத்தான் எடுப்பா இருக்கும். இம்புட்டு லூஸுக்குக் கீழ இத மாட்டுனா, பெரிய தோணிக்குச் சின்ன நங்கூரம் கட்டுன மாதிரி, கால் இருக்கதே தெரியாது. அடி தடிமனா, கயிறு கட்டுறது, கறுப்பு. பேன்ட் வந்து பூட்ஸ் கழுத்துல மடிஞ்சு உக்காரணும், தரையில இழுபடக் கூடாது." நம் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு தெளிவாக ஒருத்தரும் பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். "மாட்டிப் பாத்தாத்தான் சார் தெரியும். ஒங்களுக்கும் ஒம்பதுதான?" என்றாள். அவ்வளவுதான், மாடியிலிருந்து, தொடையிலெல்லாம் பை வைத்த ஒரு கார்கோ பேன்ட் வந்தது, தொளதொள என்று ஒரு பனியன் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நானும் மாட்டிக்கொண்டேன். நெற்றியில் திருமண், கீழே அந்தக் கோலம், காலில் பூட்ஸ். கண்ணாடி முன்னால் நின்று, ஸ்டெபி சொன்னபடி ஒரு காலை முன்னால் வைத்து, பாக்கெட்டில் கைவிட்ட அந்த நிமிஷம், பெருமாளே, கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சம்பந்தி உள்ளே வந்தார்.

என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். "ஸ்வாமி, நீருமா?" என்றார்.

நான் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தேன். பூட்ஸ் சேதி மாமி மூலம் காதில் விழுந்து அவர் அங்கே வந்தது, பையனுக்கு மரியாதையாக ஒரு நல்ல செருப்பைத் தானே வாங்கிவிட்டால் என்னுடைய பூட்ஸுக்கு வேலை இருக்காது என்று. என்னை முறைத்துக்கொண்டே, "வாரு வச்ச செருப்பு, உசத்தியா ஒண்ணு எடும்மா" என்றார் ஸ்டெபியிடம். அவள், "அளவு என்ன சார்?" என்றாள். சம்பந்தி, "பத்தாம் கிளாஸ்ல ஆறு" என்றார். அப்புறம், "அதுக்கப்பறம் அவனே வாங்கிண்டுட்டான்" என்றார். நான்தான் அசடு மாதிரி, "ஒன்பது" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. பெற்றவருக்குத் தெரியாத அளவு, நேற்று வந்த மாமனாருக்குத் தெரிகிறது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் ரொம்ப நேரம் துடைத்தார். அதில் அவ்வளவு அழுக்கு இல்லை அக்கா.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். "அவன் கேட்ட பூட்ஸ் எது? இங்க கொண்டா" என்று வாங்கி, லோன் பேப்பரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அடியை வளைத்தார், தையலை நகத்தால் சுரண்டினார், "மழைல நனைஞ்சா என்ன ஆகும்? அடி விட்டா ஒட்டித் தருவேளா?" என்று ஸ்டெபியைக் குடைந்தார். செல்சியை எடுத்துக் காட்டியதற்கு, "இதுல கயிறே இல்லையே, எதை நம்பிப் போடறது?" என்று நிராகரித்தார். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுத்ததுதான் நீ போட்டோவில் பார்த்தது: கறுப்பு, தடித்த அடி, முன்னால் கயிறு, உள்பக்கம் ஜிப். நிஜத்தோல் இல்லை, செயற்கை. அதற்காகவும் என்னைத் திட்டாதே. வாசலில் என் கையைப் பிடித்து, "நான் வந்தது அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. கோமளத்திடம் மட்டும். ஸ்டெபியையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று காசி யாத்திரை அமோகம். குடையும் விசிறியும் பூட்ஸுமாக மாப்பிள்ளை மண்டப வாசலில் நாலு அடி வைத்தார், நான் தேங்காயோடு போய், "காசி வேண்டாம், என் பெண்ணைக் கல்யாணம் பண்ணிண்டு கிருஹஸ்தராய் இரும்" என்று திருப்பி அழைத்து வந்தேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள், நிஜத்தைச் சொன்னால் கம்பீரமாகத்தான் இருந்தது. வினை ஊஞ்சலுக்கு முன்னால் வந்தது. பூட்ஸைக் கழற்ற வேண்டும். விடியற்காலையிலிருந்து நின்று நின்று மாப்பிள்ளைக்குக் கால் வீங்கிவிட்டது, செயற்கைத் தோல் நெகிழ்ந்து கொடுக்கவில்லை. இடது ஜிப் பஞ்சகச்சத்தின் ஜரிகையைக் கவ்விக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. வாத்தியார் ஸ்வாமி கடிகாரத்தைப் பார்க்கிறார், "முகூர்த்தம் தாண்டிடும்" என்கிறார். யாரோ கத்திரிக்கோலை நீட்டுகிறார்கள். வேஷ்டியை வெட்டுவதா, பூட்ஸை வெட்டுவதா என்று இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. பத்மா மாலையும் கையுமாக நிற்கிறாள், கண் கலங்கிவிட்டது. நான் குனிந்து இழுத்தேன், இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

அப்போது சம்பந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அத்தனை பேருக்கு முன்னால் தரையில் சப்பணம் கொட்டி உட்கார்ந்தார். "காலை நீட்டுடா" என்றார்.

மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் திரும்பி, "அம்மா, அப்பாகிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"அம்மா எதுக்கு? நான் இங்கதானே இருக்கேன். எங்கடா வலிக்கறது?"

"குதிகால்லப்பா."

அவ்வளவுதான் பேச்சு. நாலு வருஷத்துக்கு அப்புறம் அப்பாவும் பிள்ளையும் பேசினது அந்த ஒரு குதிகாலைப் பற்றி. சம்பந்தி பூட்ஸோடு அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பட்டு வேஷ்டி மண்ணாயிற்று, அவர் பார்க்கவில்லை. மாமி தூணைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பெண்டுகள் வரிசையிலிருந்து ஸ்டெபி ஓடிவந்தாள். "இழுக்காதிய சார், ஜிப்புப் பல்லு போயிரும்! சோப்பு இருக்கா?" கை கழுவுகிற இடத்திலிருந்து சமையல்காரர் சோப்பு கொண்டுவந்து கொடுத்தார். ஜிப்பு நெடுகத் தேய்த்தாள், கயிறு முழுவதையும் தளர்த்தினாள், "இப்ப குதிகாலப் பிடிச்சு மெதுவா" என்றாள். சம்பந்தி மெதுவாகத்தான் இழுத்தார். பூட்ஸ்தான் திடீரென்று வந்தது. அவர் அப்படியே மல்லாந்தார், எல்லோரும் "ஆ!" என்று கையைத் தூக்கினோம், தவில்காரர் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு கெட்டிமேளம் கொட்டிவிட்டார். பின் வரிசையில் என்ன நடக்கிறது என்று தெரியாதவர்கள் அட்சதையை வீச, பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்த சம்பந்தியின் மேல் அத்தனையும் விழுந்தது. முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் பையன். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு அக்கா, நடுவில் மூச்சு வாங்குகிற இடம் கூட ஒன்று.

முகூர்த்தம் தப்பவில்லை. சாயங்காலம் மேடையில் ஏறினார். போட்டோக்காரர் "அப்பா கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று மூன்று தரம் சொல்லியும் பையன் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

ஆகவே உனக்குத்தான் முதல் நன்றி. காரணம் கேட்காமல் வாங்கு என்று நீ சொல்லியிருக்காவிட்டால் நான் ஒரு ஜோடி ரப்பர் செருப்போடு கதையை முடித்திருப்பேன். அடுத்த நன்றி ஸ்டெபிக்கு, நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அண்ணாச்சிக்கும், அவர் மேஜைக்கும், சோப்பு கொடுத்த சமையல்காரருக்கும், நேரம் தெரியாமல் கொட்டின கெட்டிமேளத்துக்கும் என் நன்றி. ஒரு குடும்பம் சேர்ந்தது, அதை நின்று பார்க்கக் கொடுத்துவைத்தேன். அத்திம்பேருக்கு என் சேவையைச் சொல்லு. முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், மாடிப்படி ஏறாதே. சகல மங்களமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி,
ரங்கு

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மூன்று நாள் ஆகிவிட்டது, காரணம் சொல்கிறேன். சம்பந்தி இப்போது பையனுடைய கம்பெனிக்கு யோசனை சொல்ல ஆரம்பித்திருக்கிறார். சட்டைக்கு மேல் பாக்கெட் ஏன் இல்லை, பேனாவை எங்கே வைப்பது என்று முதல் சண்டை. நேரடிச் சண்டை, மாமி நடுவில் இல்லை. மாமியின் இடத்தில் நான் இருக்கிறேன். மத்தியானம் ஒன்றரைக்கு அவர் கூப்பிட்டு, "உம்ம மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லும்" என்கிறார். இரண்டேகாலுக்கு இவர் கூப்பிட்டு, "மாமா, அப்பாகிட்ட நீங்களாவது சொல்லுங்கோ" என்கிறார். நேற்று இரண்டு பேரும் சேர்ந்தே கூப்பிட்டு, ஐம்பது நிமிஷம், எனக்கு "ம்" சொல்லக்கூட இடம் தரவில்லை. நான் கண் அயர்ந்து மூன்று நாளாகிறது. ஆகையால் மேலே எழுதின நன்றி அத்தனையும் வாபஸ். ஒன்றும் பேசாமல் இருந்த அந்த நாலு வருஷம் எவ்வளவு சௌக்கியமான காலம் என்று இப்போதுதான் தெரிகிறது. மறுபடி போன் அடிக்கிறது. கோமளம் எடுத்து, நான் குளிக்கிறேன் என்று சொல்கிறாள். ஆறு மணியிலிருந்து நான் குளித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.