ரிஜெக்ட் அண்ணனும் அட்டாலி எலியும்

திருப்பூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ரிஜெக்ட் அண்ணனிடம் ‘ஓகே’ வாங்கிய பொருள் ஒன்றைக்கூட நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. பனியன், டீ, டவுன் பஸ், கல்யாணப் பத்திரிகை, ஐப்பசி மாதத்து மழை என்று அவர் கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. அவருடைய நிஜப் பெயர் எங்கள் காம்பவுண்டில் யாருக்கும் தெரியாது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரே “ரிஜெக்ட் ஊடு எதுங்க?” என்றுதான் கேட்பார்.

நல்லூரில் எங்கள் வரிசையின் கடைசி வீடு அவருடையது. குழந்தை உடுப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் ஃபைனல் செக்கிங். தைத்து முடித்த பீஸை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். பிசிறோ ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ள வேண்டும். மற்றவர்கள் சாயங்காலம் சங்கு ஊதியதும் ஸ்டிக்கரை மேஜையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். அண்ணன் அந்தச் சுருளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்.

வந்த பிறகு சும்மா இருப்பாரா? முனை டீக்கடையில் விளிம்பு உடைந்த கிளாஸ் கொடுத்தால், குடித்து முடித்து, உடைந்த இடத்தில் அம்பு ஒட்டித் திருப்பிக் கொடுப்பார். டவுன் பஸ்ஸில் கிழிந்த சீட்டுக்கு அம்பு. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் சுண்ணாம்பு அடித்த மறுநாள், சுவர் முழுக்க அம்பு. வயது ஐம்பதைத் தாண்டியும் அவருக்குக் கல்யாணம் ஆகாததற்குக்கூட ஒரு கதை உண்டு. இளவயதில் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் லட்சணமாக இருந்தாளாம். ஆனால் அவளுக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலையில் ஓரத்தையல் கோணலாக ஓடியிருந்ததாம். அண்ணன் எழுந்து போய் அம்பு ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெண் வீட்டார் காப்பியைக்கூடக் கொடுக்காமல் வழியனுப்பி வைத்தார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் என் வீட்டுக்குள் வந்தது ஒரு சுண்டெலியால்.

என் மனைவி சுமதி பிரசவத்துக்கு மூலனூரில் அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. ஐந்தாம் மாதம் அழைத்து வர நாளும் பார்த்தாகிவிட்டது. நான் ஆசை ஆசையாக மெத்தையோடு ஒரு மரத்தொட்டில் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அட்டாலிப் பரண் மேல் பத்திரமாக ஏற்றி வைத்தேன். அதை வீடியோ காலில் சுமதிக்குக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் கேட்டாள்.

“ஏனுங்க, பெட்டிக்குப் பொறத்தால என்னமோ ஓடுதே, என்னுங்க அது?”

“ஒண்ணுமில்ல, நெழலு” என்றேன்.

“நெழலுக்கு வாலு இருக்குதுங்களா?”

அத்தோடு தீர்ப்பு வந்துவிட்டது. எலி இருக்கிற வீட்டுக்குக் குழந்தையோடு வர மாட்டாள். “தூங்கற புள்ளையோட கால் வெரலக் கடிச்சுப் போட்டா நான் என்னுங்க பண்ணுவேன்?” என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. பின்னாலிருந்து மாமனார் போனை வாங்கினார். முருங்கைக்காய் வியாபாரத்தில் ஊறிய மனிதர், பேச்சில் மரியாதை ஒரு சொட்டுக் குறையாது. “மாப்பிளைங்க, ஒரு எலியத் தாட்டி உட முடியலைன்னா பேத்திய நாங்க எந்த தைரியத்துல அனுப்பறதுங்க? நீங்களே சொல்லுங்க” என்றார். நான்கு மாதமாக வாரா வாரம் மூலனூர் போய் மகளைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டு முருங்கைக்காயோடு தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

முதலில் நானே களத்தில் இறங்கினேன். பசை அட்டை வாங்கி அடுப்படியில் வைத்தேன். அதில் முதலில் என் செருப்பு ஒட்டியது, அப்புறம் செருப்பைப் பிடுங்கப் போன என் கை ஒட்டியது. அட்டையும் கையுமாக வாசலில் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் ரிஜெக்ட் அண்ணன் வந்தார். தேங்காய் எண்ணெய் தடவி என்னை விடுவித்தார். விஷயத்தைக் கேட்டார்.

“புள்ள வாறதுக்கா? அப்ப இது ஷிப்மென்ட் மாதிரிங்க தம்பி. தேதி மாறக் கூடாது. நான் பாத்துக்கறன்.”

டார்ச்சும் ஸ்டிக்கர் சுருளுமாக வீட்டுக்குள் நுழைந்தவர், தரையில் மல்லாந்தும் குப்புறவும் படுத்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். கதவிடுக்கு, சிங்க் குழாய், ஜன்னல் சட்டம், ஒயர் போகிற துளை என்று ஓட்டை இருந்த இடமெல்லாம் அம்பு. முடித்து அவர் எழுந்தபோது, புதிதாக வருகிற யாரும் வழி தவறவே முடியாத வீடாக அது மாறியிருந்தது. அட்டாலியை மட்டும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

“மேல அந்தப் பெட்டிய எறக்கிப் பாக்கலாமாண்ணா?”

“டேப்பு பிரியலைங்க தம்பி. டேப்பு ஒட்டி முடிஞ்ச பெட்டிய யாராச்சும் தொறப்பாங்களா? அது முடிஞ்ச சரக்குங்க.” கம்பெனியில் அப்படித்தான். சீல் வைத்த பெட்டி மேல் கை வைத்தால் பேக்கிங்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நானும் அதே தொழிலில் இருக்கிறவன் என்பதால் எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஓட்டைகளை எதை வைத்து அடைப்பது? இதென்ன கேள்வி. திருப்பூரில் பிறந்தவனுக்கு எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். பைக் துடைக்க, சட்டி இறக்க, ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுக்க, எல்லாம் அதுதான். அண்ணன் கம்பெனியிலிருந்து ஒரு பை நிறைய வெட்டுத் துண்டு கொண்டு வந்து எல்லா ஓட்டையிலும் திணித்தார். காலையில் பார்த்தால் ஒரு துண்டு இல்லை. ஓட்டைகள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன.

“துணி மெல்லிசுங்க. இதுக்குக் கெட்டியா ரிப் துணி போட்டிருக்கோணும்” என்றார் அண்ணன். ரிப் போட்டோம், போனது. இரட்டைப் பின்னல் இன்டர்லாக் போட்டோம், அதுவும் போனது. கடைசியில் வெளிநாட்டுக் குழந்தைகள் மட்டுமே போடுகிற, கன்னத்தில் வைத்தால் வெண்ணெயாக வழுக்குகிற துணியைக் கொண்டு வந்து திணித்தார். அதுதான் மற்றதை எல்லாம்விட வேகமாகப் போனது. எலி எங்களிடம் துணி வாங்கிக்கொள்கிறது என்று எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை.

அடுத்தது எலிப்பொறி. நான் டீக்கடையில் வாங்கி வந்த மசால் வடையை அண்ணன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு அம்பை ஒட்டினார். நேராக டீக்கடைக்குப் போனார்.

“ஏனுங்க, இந்த வடைய எந்த எலியாச்சும் திங்குமுங்களா?”

டீக்கடைக்காரர் எண்ணெய்க் கரண்டியோடு வெளியே வந்தார். “எத்தனையோ மனுசங்க திங்கறாங்க! உங்க எலிக்கு மட்டும் நெய்யில சுட்டுத் தரணுமா? பேசாம எலி மருந்து கேக்கு வாங்கி வைங்க, ஒரே நாள்ல முடிஞ்சுரும்.”

“தவழப் போற புள்ள இருக்கற ஊட்டுல மருந்த வெக்கச் சொல்றீங்களே, நெம்ப நல்லாருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு, கடை பெயர்ப் பலகையில் உதிர்ந்திருந்த எழுத்துக்கு ஒரு அம்பையும் ஒட்டிவிட்டு வந்தார் அண்ணன். பிறகு சுட்ட தேங்காய், நெத்திலிக் கருவாடு, பேக்கரி பன் என்று பொறியில் விருந்து மாறி மாறி வைத்துப் பார்த்தோம். எலி பக்கத்தில் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஊரையே இவர் ரிஜெக்ட் செய்கிறார் என்றால், இவரையே ரிஜெக்ட் செய்கிற ஒரு பிறவி எங்கள் வீட்டில் இருந்தது. அண்ணனுக்கு அதன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. “நல்ல செக்கரா வந்திருக்குமுங்க” என்றார்.

அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. ஞாயிறு காலை குழந்தை வர வேண்டும். சுமதி போனில் சொல்லிவிட்டாள். “நீங்க எலி போயிருச்சுன்னு சொன்னா நான் நம்ப மாட்டனுங்க. ரிஜெக்ட் அண்ணன் தன்ற வாயால ஓகே சொல்லட்டும், உள்ள வாரேன்.” ஆயுசில் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொல்லாத மனிதர். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். எதற்கும் தொட்டிலையாவது மாட்டி வைப்போம் என்று இரண்டு பேருமாக அட்டாலியிலிருந்து பெட்டியை இறக்கினோம்.

முன்பக்கம் டேப் பிரியவில்லை. சுவரைப் பார்த்து இருந்த பின்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு அழகாக ஒரு வட்ட வாசல். மூடியைத் திறந்தோம். தொட்டில் மெத்தையின் மேலே நாங்கள் திணித்த துணி எல்லாம் இருந்தது. நடுக்குழியில் கண் திறக்காத, ரோஜா நிறத்தில் விரல் நுனி அளவுக்குக் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று நெளிந்துகொண்டிருந்தன.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். “இதைப் பாருங்க தம்பி! கெட்டித் துணியெல்லாம் அடியில. அதுக்கு மேல இன்டர்லாக்கு. நாம கடைசியாக் கொண்டாந்த பட்டு மாதிரித் துணி புள்ளைங்க மேல படற எடத்துல. ஒரு நூல் தொங்கல பாருங்க.” அவர் கை சட்டைப் பைக்குப் போகவே இல்லை.

“அப்படியே தூக்கிச் சாக்கடையில போட்டுரலாமாண்ணா?” என்றேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கண் முன்னால் நின்றது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நாளைக்கு உங்க ஊட்டுக்கு ஒரு தாயும் புள்ளையும் வருதுங்க. இன்னைக்கு இன்னொரு தாயையும் புள்ளையையும் சாக்கடையில போட்டுப்போட்டு, எந்தக் கையில உங்க மகளைத் தூக்குவீங்க?” எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எலிப்பொறியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

அண்ணன் கூட்டை அலுங்காமல் தூக்கிப் பொறிக் கூண்டுக்குள் வைத்தார். வடை இல்லை, கருவாடு இல்லை. நாங்கள் அடுப்படியில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். பட்டப்பகலில், இரண்டு ஆள் பார்த்துக்கொண்டிருக்க, எந்தப் பொறிக்கும் மசியாத அந்த எலி சுவரோரமாக ஓடி வந்து நேராகக் கூண்டுக்குள் நுழைந்தது. கதவு விழுந்த சத்தத்துக்குக்கூட அது திரும்பவில்லை. குஞ்சுகள் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

அண்ணன் மொபெட்டை ஓட்ட, கூண்டை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். நெருப்பெரிச்சல் ஊரைத் தாண்டி வேலிக்காடு ஆரம்பித்ததும் நான் நிறுத்தச் சொன்னேன். அந்த இடம் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை, பாம்பு இருக்குமாம். அடுத்த இடத்தில் நாய். அதற்கடுத்த இடத்தில் மழை பெய்தால் தண்ணீர் நிற்குமாம். எலிக்கு வீடு பார்க்கவே அந்த மத்தியானம் முழுக்கச் சுற்றினோம். கடைசியில் ஒரு கற்குவியலுக்கு அடியில் கூட்டை வைத்துக் கதவைத் திறந்தார். தாய் எலி வெளியே ஓடி, நின்று, திரும்பி வந்து, ஒவ்வொரு குஞ்சாகக் கவ்விக் கல்லிடுக்குக்குள் கொண்டுபோனது. கடைசிக் குஞ்சு போகிற வரைக்கும் அண்ணன் வெயிலில் நகராமல் நின்றார்.

திரும்பி வந்து கம்பி வலையும் சிமென்ட்டும் வைத்து ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தோம். அடைக்க அடைக்க அந்த இடத்து அம்பைக் கிழித்து எடுத்தார். எலி படுத்த மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மெத்தை வாங்கி, வீட்டை இரண்டு தடவை கழுவி, தொட்டிலை மாட்டி முடித்தோம்.

ஞாயிறு காலை கார் வந்து நின்றது. முருங்கைக்காய்க் கட்டோடு மாமனார் முதலில் இறங்கினார். அவருக்குப் பின்னால் குழந்தையோடு சுமதி. வாசற்படிக்கு வந்து நின்றுவிட்டாள்.

“அண்ணா, வரலாமுங்களா?”

அண்ணன் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“ஓகேங்க அம்மிணி. குட்டிச் சாமியக் கூட்டிட்டு உள்ள வாங்க.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் கை தட்டியே விட்டார்கள். ஆரத்தி முடிந்ததும் சுமதி குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். எத்தனையோ வருஷமாகக் குழந்தைச் சட்டைகளை ஆயிரக்கணக்கில் விரித்துப் பார்த்த அந்தக் கை, ஒரு குழந்தையைத் தூக்குவது அதுதான் முதல் தடவையாம். அன்றைக்குத்தான் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தலை, காது, விரல்கள், முதுகு, பாதம் என்று பழக்கதோஷத்தில் முழுக்கப் பார்த்தார். பார்த்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தார்.

மாமனார் முகம் மாறியது. “ஏனுங்க, என்ற பேத்திகிட்ட என்னுங்க கொறை?”

“ஒண்ணுங்கூட இல்லீங்க” என்றார் அண்ணன். கண் கலங்கியிருந்தது. “ஒரு கொறைகூட இல்லாம உட்டா ஊருக் கண்ணு பட்டுருமுங்க.” சிவப்பு அம்பு ஒன்றைக் கிழித்து, திருஷ்டிப் பொட்டு மாதிரி, அவள் உள்ளங்காலில் ஒட்டினார்.

என் மகள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். தினமும் காலையில் வேன் வருவதற்கு முன்னால் கடைசி வீட்டு வாசலுக்கு ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிக் காட்டுகிறாள். அண்ணன் உட்கார்ந்து, ஷூவின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, “போய்ட்டு வாங்க சாமி” என்று அனுப்பி வைக்கிறார்.