காஜா நாயகி தீர்ப்பு நகல் கொணர்ந்த காதை

ஒரே இருப்பில் நாற்பது சட்டைக்குக் காஜா எடுக்கும் நுண்விரற் கோமகளும், அண்ணன் வீட்டுக் கூடத்தில் அலமாரிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இடைப்பட்ட மூன்றடி நிலத்தைத் தையல் மெஷினோடும் பள்ளி செல்லும் மகளோடும் ஆறாண்டுகளாக அரசாண்டு வருபவளுமாகிய காஜா நாயகி வாழ்க! அவளுக்கும் முன்னே, ஊதா மை உண்டு கொழுத்த வட்ட முத்திரையே, நீ வாழ்க! உன் அருள் விழாத காகிதம், பொன்னால் எழுதினாலும் பொட்டலம் கட்டவே உதவும் அன்றோ?

போர் மூண்ட காரணம் வருமாறு. தனித்து வாழும் பெண்களுக்கு அரசு வழங்கும் ஓரறை வீட்டுக்கு மனுக் கொடுக்கக் கெடு, அன்று மாலை ஐந்து மணி. அண்ணியோ வாய்திறந்து ஒரு சொல் சொல்லாத உத்தமி, ஆயினும் ஃப்ரிட்ஜைத் திறக்குந்தோறும் அதன் கதவை மெஷின்மேல் இடித்து, அவ்வோசை ஒன்றாலேயே “எப்ப கிளம்புவ?” என்று வினவ வல்லவள். வேண்டிய ஆவணங்கள் மூன்று. முதலிரண்டில் குறையில்லை. மூன்றாவது, மணமுறிவுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல். அதனை நாயகி ஆறாண்டுக்கு முன்பே பெற்று, மழையும் கரப்பானும் தீண்டாவண்ணம் லேமினேஷன் என்னும் கவசம் பூட்டிக் காத்திருந்தாள். அந்தக் கவசமே அவளை வீழ்த்தியது. வீட்டுவசதி அலுவலகத்துக் கண்ணாடித் தடுப்பின் பின்னே வீற்றிருந்த அம்மையார், முத்திரைமேல் விரலை ஓட்டினார். விரல் வழுக்கியது.

“பிளாஸ்டிக் போட்டா செல்லாதும்மா. சீல் கைக்குத் தட்டுப்படணும். கோர்ட்ல புதுசா வாங்கிட்டு வாங்க.”

சினங்கொண்ட நாயகி, பஸ் படிக்கட்டில் ஒற்றைக்காலில் தொங்கி, குடைக்கம்பிகளும் டிபன் பாத்திரங்களும் விலாவில் பாய்ந்த விழுப்புண்களோடு, பதினோரு மணிக்கு நீதிமன்றத்து நகல் பிரிவை முற்றுகையிட்டாள். வரிசையில் அவளுக்கு முன்னே ஒரு முதுகு நின்றது. அதனை அவள் அறிவாள். எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பாத முதுகு என்று பதினோராண்டுகள் பார்த்துப் பழகியவள். லாரி வேந்தனாகிய முன்னாள் கணவன்! கூப்பிடாத அன்று திரும்பினான்.

“நீ எங்க இங்க?”

“நீங்க எதுக்கு வந்தீங்களோ, அதுக்குத்தான்.”

குடும்ப அட்டையிலிருந்து அவள் பெயரை நீக்க அவனுக்கும் அதே நகல் வேண்டுமாம். காதில் பேனா செருகிய எழுத்தர்பெருமான், தலை நிமிராமலே பிரகடனம் செய்தார்: “ஒரு கேஸ் கட்டை வாரத்துக்கு ஒரு மனுவுக்குத்தான் ரேக்குலேர்ந்து இறக்குவோம். ரெண்டு பேரும் ஒரே மனுவுல கையெழுத்துப் போட்டா, மூணு மணிக்கு ஆளுக்கொரு காப்பி. இல்லன்னா ஒருத்தர் அடுத்த வாரம் வாங்க.”

இரு யானைகள் ஒரே வாயிலில் முட்டி நின்றாற்போல் இருவரும் நின்றனர். “எனக்கு லோடு நிக்குது” என்று முழங்கினான் அவன். “எனக்கு அஞ்சு மணிக்குக் கெடு. வீடு போயிடும்” என்றாள் அவள். அவன் சட்டைப்பையைத் துழாவினான். பேனா அவளிடமே இருந்தது. ஒரே தாளில் ஒப்பமிட்டு முடித்தபோது, அதன் கீழே வாய்பிளந்து கிடந்தது ஒரு கட்டம்: ‘விண்ணப்பதாரர்களுக்கிடையே உறவு.’

“கணவன் மனைவின்னு எழுதுங்க” என்றார் எழுத்தர்.

“அது இல்லன்னு சொல்ற பேப்பரைத்தானே சார் கேக்குறோம்!” என்று பொங்கினாள் நாயகி.

“பேப்பர் கைக்கு வந்தப்புறம் அப்படிச் சொல்லிக்குங்க. இப்ப எழுதுறீங்களா, அடுத்த ஆளைக் கூப்பிடவா?”

எழுதினர். எழுத்தரும் கடமை வழுவாது அச்செய்தியை நகலின் பின்புறம் பொறித்து, முத்திரையைக் கைக்கு மட்டுமின்றிக் கண்பார்வையற்ற காற்றுக்கும் தட்டுப்படுமாறு ஓங்கி அறைந்து, ஒருவாறு நாலு மணிக்கு வழங்கியருளினார்.

நாலு ஐம்பதுக்கு நாயகி கண்ணாடித் தடுப்பின் முன் மூச்சிரைக்க நின்றாள். அம்மையார் விரலை ஓட்டினார். தட்டுப்பட்டது! வென்றாள் நாயகி என்று ஃபேன்கள் சுழன்று ஆரவாரித்தன. அப்போது அம்மையார் தாளைத் திருப்பினார்.

“ஏம்மா, இன்னிக்குக் காலையில கணவன் மனைவியா போய் மனுப் போட்டிருக்கீங்க. சாயங்காலம் தனியா இருக்கேன்னு வீடு கேக்குறீங்க?”

அலுவலகமே அதிர, ஸ்டேப்ளர்கள் நடுங்க, நாயகி முழங்கினாள்: “மேடம்! அந்த ஆளும் நானும் சண்டை போடாம செஞ்ச காரியம் வாழ்க்கையிலேயே இது ஒண்ணுதான்! அதையும் குத்தம்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?”

வரிசை உறைந்தது, குமாஸ்தாக்களின் கையில் தேநீர் ஆறியது, நியாயத்தின் பேரொளி அவ்வம்மையாரின் மூக்குக்கண்ணாடியில் மின்னி மறைந்தது, ஐந்து மணிக்குச் சரியாக ஒரு நிமிடம் இருக்க, சிவப்பு மை தோய்ந்த பேனா வாளென உயர்ந்து, மனுவின் ஓரத்தில் ‘நேரடி விசாரணை’ என்று எழுதித் தாழ்ந்தது.

புதன்கிழமை பத்தரைக்கு அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள்.